ஏரிக்கரை வீடு – 14: கோழியின் ராகுகாலம்

கூண்டு கட்டியாயிற்று என்று போன பகுதியில் பீற்றிக்கொண்டேன். கோழிகளுக்கு அது பிடிக்கவில்லை. விடிந்தும் விடியாததுமாகக் கம்பிவலையில் அலகை வைத்துக்கொண்டு ஒரே கூப்பாடு. அவை கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கரையானைக் கிளறித் தின்னாத கோழியை நாட்டுக்கோழி என்று எப்படிச் சொல்வது?

திறந்துவிட்டேன். முதல் மாதத்தில் 11 உருப்படியில் 4 போயின.

“பருந்துதாம்பா, வேற எது?” என்றார் பக்கத்து வீட்டம்மா. திருமுல்லைவாயலில் எது காணாமல் போனாலும் பழி பருந்தின் தலையில்தான் விழும். என் கணக்குப்படி அதற்குச் சேர வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு குஞ்சு. தூக்கிப் போனதை நானே பார்த்தேன். ஒரு வெடைக்கோழி வாழைக்கட்டை ஓரம் கழுத்து கடிபட்டுக் கிடந்தது, உடம்பில் வேறு காயமில்லை. அது கீரியின் வேலை. சேவல்கள் இரண்டும் வாசலில் மூலைக்கொன்றாகக் கிடந்தன. இறகெல்லாம் எச்சில் ஈரம், ஒரு வாய்கூடத் தின்னவில்லை. தெருநாய்க்கு அது பசியல்ல, விளையாட்டு. பூனையாக இருந்தால் கவ்விக்கொண்டு சுவர் ஏறியிருக்கும். இறகைப் பிடுங்கி ஒரே இடத்தில் குவித்திருந்தால் வைரியைச் சந்தேகிக்கலாம். புறா அளவுதான் இருக்கும், ஆனால் மரக்கிளைகளுக்கு நடுவே புகுந்து வந்து குஞ்சை அடிக்கும். ராத்திரியில் குறைந்தால் மேலே பார்த்துப் பயனில்லை, பெருச்சாளி வளையைத் தேட வேண்டும். கூண்டு கட்டும்போது வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கச் சொன்னது அதற்காகத்தான்.

எங்கள் பக்கத்து அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி அப்போதும் நகராட்சியாகவே இருந்தது. நாய்க்கும் பருந்துக்கும் இந்த வரைபடமெல்லாம் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்த எல்லை கோழிக்கடை. ஞாயிற்றுக்கிழமை வெட்டிய கோழிகளின் குடலும் இறகும் மூட்டையாக ஏரிக்கரையில் வந்து விழுகின்றன. திங்கட்கிழமை காலை அங்கே போய்ப் பாருங்கள்: கீழே நாய்க்கூட்டம், மேலே கரும்பருந்து வட்டம். மூட்டை கிடைக்காத நாளில் அவை எங்கள் தெருப்பக்கம் வருகின்றன.

விரட்டி ஒழிக்கவும் வழியில்லை. 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கீரியோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் இருக்கிறது. கண்ணி வைத்தால் நாம்தான் உள்ளே போவோம். தவிர, தோட்டத்துப் பாம்பையும் எலியையும் யார் பார்த்துக்கொள்வது?

ஆகவே நேரம் பார்க்க ஆரம்பித்தேன். தெரு அடங்கிக் கிடக்கும் விடியற்காலை நாயுடையது. வெயில் ஏறித் தரை சூடாகி, காற்று மேலே கிளம்பினால் பருந்து றெக்கை அடிக்காமலே மிதக்கும்; எங்கள் தெருவில் அது எட்டு, எட்டரை. கீரி பகல் வேட்டைக்காரன், ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் தயங்கும். சாயங்காலம் நாலரைக்கு மேல் பருந்துகள் அடையும் மரத்தைப் பார்த்து நகர, வானம் கொஞ்சம் காலியாகும். அப்போது திறக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நானும் உட்கார்ந்துவிடுவேன். பழைய சிடியைத் தொங்கவிடுவது, குஞ்சுக்குச் சாயம் பூசுவது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. நாற்காலிக்கு ஈடில்லை. வாழையும் செம்பருத்தியும் அடர்ந்த பக்கமாகத் தீவனத்தை இறைத்தால் கோழிக்கு ஓடி ஒளிய இடம் இருக்கும்.

என்னைவிட நல்ல காவல்காரி ஒருத்தி இருக்கிறாள். இன்குபேட்டரில் பொரித்த 6 குஞ்சு வாங்கினேன். அவற்றுக்கு ஒளிந்துகொள்ளத் தாயின் றெக்கை கிடையாது. அடையில் இருந்த கோழிக்கு அடியில் ராத்திரியோடு ராத்திரியாகச் செருகிவிட்டேன். காலையில் தன் பிள்ளைகள் என்றே கூட்டிக்கொண்டு கிளம்பியது. ஒருநாள் தாமதமாக வந்த பருந்து ஒன்று தாழ்ந்தது. நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் தாய்க்கோழி கீச்சென்று ஒரு குரல் கொடுத்தது. ஆறும் செம்பருத்திக்கு அடியில். பூனை வந்தால் அந்தக் குரல் கிடையாது, கொக்கரிப்புதான். இப்படி வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று தனித்தனிக் குரல் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் ஒலிப்பதிவு செய்து போட்டே பார்த்திருக்கிறார்கள். எதிரி கண்ணில் படாமலே, முதல் குரலுக்குக் கோழி பதுங்க ஓடுகிறது. இரண்டாவதற்கு நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கிறது.

இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது, தானாகவே கூண்டுக்கு வந்துவிடும். கதவைச் சாத்துமுன் எண்ணுவது வழக்கம். நேற்று எண்ணினால் 7 கோழி, 5 குஞ்சு. டார்ச் எடுத்துக்கொண்டு வாழைப்பக்கம், மோட்டார் மேடை, தொட்டிக்குப் பின்னால் எல்லாம் தேடிவிட்டுத் திரும்பினேன். வெளிச்சம் கூசித் தாய்க்கோழி லேசாக அசைந்தது. றெக்கைக்குக் கீழிருந்து ஆறாவது தலை எட்டிப் பார்த்தது.

(தொடரும்)