பல வருடம் கழித்து உடற்பயிற்சியா? மெதுவாகத் தொடங்குங்கள்!

தில்லிக்கு வந்த புதிதில் பஸ் பிடிக்க ஓடிய நம்மவர்கள், பதவி உயர உயர உட்கார்ந்தே பழகிவிடுகிறோம். ஆபீசில் நாற்காலி, வீட்டில் சோபா, காய்கறிகூட வாசலுக்கே வந்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்த்த பிறகுதான் உடற்பயிற்சி நினைவுக்கு வருகிறது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வுப்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய். மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேர்வது ஒரு காரணம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால் எச்சரிக்கை மணி அடித்தாயிற்று என்று பொருள். ஊரிலென்றால் ஓடிவர அத்தை, சித்தப்பா என்று நாலு பேர் இருப்பார்கள். இங்கே ஒருவர் படுத்துவிட்டால் முழுச் சுமையும் மற்றவர் தலையில்தான்.

சரி, எப்படித் தொடங்குவது? ஜனவரி முதல் தேதி ஒரு மணி நேரம் வேகநடை போட்டு, பொங்கலுக்குள் முழங்கால் வீங்கி நிறுத்திவிடுபவர்களை வருடந்தோறும் பார்க்கிறேன்.

ரயில்வேயில் நாங்கள் பின்பற்றிய முறை ஒன்று இங்கே பொருந்தும். தண்டவாளத்தின் கீழுள்ள ஜல்லியைத் தோண்டிச் சலித்து மறுபடி போட்ட அன்றைக்கே, மெயில் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். மணிக்கு 20 கிலோமீட்டர்தான் என்று ‘காஷன் ஆர்டர்’ கொடுப்போம். வண்டிகள் மெதுவாக ஓட ஓட, இடையிடையே ஜல்லியை இடித்து இறுக்க இறுக்க, பாதை கெட்டிப்படும். அதற்கேற்ப வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவோம். பாதையை உறுதியாக்குவதும் வண்டியின் பாரம்தான். அவசரப்பட்டால் கெடுப்பதும் அதே பாரம்தான்.

உடம்பும் அப்படியே. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். மூன்றாவது வாரம் “இன்னும் வேகமாகப் போகலாம் போலிருக்கிறதே!” என்று மனம் சொல்லும். முழங்காலும் குதிகாலும் அதற்கு இன்னும் தயாராகியிருக்காது.

ஆகவே முதல் இரண்டு வாரம் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் நடந்தால் போதும். அடுத்த இரண்டு வாரம் வேளைக்குப் பதினைந்து நிமிடமாக்குங்கள். பிறகு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் சற்று வேகமாக நடக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவான வாரத்துக்கு 150 நிமிடம் இதிலேயே கிடைத்துவிடும். வேகத்தை அறியக் கருவி வேண்டாம்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரம் இரு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். எடை குறையும்போது தசையும் கரையாமல் காக்க இது தேவை.

எடை விஷயத்தில் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. வாரம் ஐந்து நாள் என்றால் 600. நடையால் மட்டும் ஒரு கிலோ குறைய மூன்று மாதம் ஆகும். தினம் நாலு காபி, காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 160 கலோரி. நடந்தது அங்கேயே போயிற்று! சர்க்கரையைப் பாதியாக்கி, சோற்றைக் குறைத்து, கூட்டு, கீரை, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டுங்கள். மாலை டீயோடு வரும் சமோசாவுக்கும் பிரெட் பக்கோடாவுக்கும் விடை கொடுங்கள். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். எடை அசையாத வாரங்களிலும் நடையின் பலன் உள்ளே சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

சில எச்சரிக்கைகள். இதயநோய், ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கலந்துகொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் பையில் நாலு மிட்டாய் வைத்திருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். மார்பில் இறுக்கம், இடது கையில் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை தில்லியின் விடியற்காலைக் காற்றில் மாசு தரையோடு படிந்திருக்கும். ‘பிரம்ம முகூர்த்த’ நடையை அந்த மாதங்களில் ஒத்திப்போட்டு, வெயில் ஏறிய பிறகு போங்கள். மாசு மிகுந்த நாளில் வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும்.

கணவனும் மனைவியும் சேர்ந்தே கிளம்புங்கள். ஒருவர் சோம்பினாலும் மற்றவர் இழுத்துப் போவார். நல்ல செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, இன்று மாலையே பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். வேகம் தானாக வரும்.