பிளெட் ஏரி

ஆல்ப்ஸ் மலைகளின் அருகே, ஸ்லோவேனியா நாட்டில் இருக்கிறது பிளெட் ஏரி. கரையோரம் செங்குத்தான பாறை. அதன் உச்சியில் ஒரு கோட்டை. 1011ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அந்தக் கோட்டை இடம்பெற்றிருக்கிறது. ஏரி நடுவே சின்னஞ்சிறு தீவு, அதில் ஒரு தேவாலயம். அங்கே போவதற்கு 'பிளெட்னா' படகு. படகோட்டி பின்புறம் நின்றபடியே இரண்டு துடுப்புகளையும் தள்ளுவார்.

கரையேறினால் 99 கற்படிகள். இங்கே திருமணம் செய்துகொள்ளும் மாப்பிள்ளை, மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டே அத்தனை படிகளையும் ஏறுவது ஊர் வழக்கம். மேலே போய்ச் சேரும்வரை மணப்பெண் வாய் திறக்கக் கூடாதாம்! தேவாலய மணிக் கயிற்றை இழுத்து மணி அடித்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை.

ஏரியைச் சுற்றிவர சுமார் 6 கிலோமீட்டர்தான். போகிறவர்கள் அவசரப்படாமல் நடந்தே சுற்றிப் பாருங்கள்.