புகையில் போவது விறகு மட்டுமல்ல!

‘அதான் காஸ் வந்துடுச்சே, இன்னும் எதுக்குங்க விறகு அடுப்புப் பேச்சு?’ என்று கேட்பீர்கள். நெட்டப்பாக்கம், மடுகரை பக்கத்து வீடுகளில் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பாருங்கள். உள்ளே காஸ் அடுப்பு இருந்தாலும், வெளித் தாழ்வாரத்தில் ஒரு மண் அடுப்பு இருக்கும். குளிக்க வெந்நீர், விசேஷ நாள் சமையல் என்றால் அதுதான். சவுக்கு மிளாறு இருக்க, சிலிண்டரை ஏன் கரைப்பானேன்?

மிச்சம் நல்லதுதான். ஆனால் அந்தப் புகைக்கு நுரையீரல் விலை கொடுக்கிறது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளே 2 லட்சத்துக்கும் மேல். நிமோனியா, தீராத இருமல், மூச்சிரைப்பு, கண்புரை, எடை குறைந்த பிரசவம் இவற்றுக்கெல்லாம் புகை ஒரு காரணம்.

புகை என்பது என்ன?

எரியாமல் தப்பிய விறகுதான் புகை! விறகு சூடாகும்போது வாயு வெளிவரும். போதிய காற்றும் சூடும் கிடைத்தால் அது தீப்பிழம்பாக எரியும். கிடைக்காவிட்டால் புகையாகிவிடும். ஆக, புகையைக் குறைத்தால் விறகும் மிச்சம், நெஞ்சும் தப்பும்.

என்ன செய்யலாம்?

* பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடும். விறகைப் பிளந்து, மழை படாமல் அடுக்கி, சில மாதம் காயவிட்டு எரியுங்கள்.
* அடுப்பு வாயை அடைத்து விறகைத் திணிக்காதீர்கள். மெல்லிய துண்டுகளாக, நுனி மட்டும் எரியும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள்.
* அடியில் இரும்புக் கம்பிச் சல்லடை வைத்தால் கீழிருந்து காற்று ஏறும். சாம்பலை தினமும் அள்ளுங்கள்.
* குமிழ் ரொம்ப உயரமாக இருந்தால் தீ பக்கவாட்டில் ஓடிவிடும். பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி போதும்.
* மண் சுவர் நிறைய சூட்டைக் குடித்து வைத்திருக்கும். சமையல் முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை மூடி, மேலே வையுங்கள். வெதுவெதுப்பாவது இலவசம்.

குழாய் வைத்தால் போதுமா?

1983-ல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் தொடங்கி, 2002-க்குள் 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் கட்டியது. பராமரிப்பு இல்லாமல் ஏராளமானவை பயனற்றுப் போயின. குழாயில் கரி அடைத்தால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதனால் மாதம் ஒருமுறை குழாயைத் தட்டி, சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கூரை வீடென்றால் சூடான குழாய் ஓலையில் படவே கூடாது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் விறகு அடுப்பு காஸ் அடுப்புக்கு ஈடாகாது. அதனால் தினசரி சமையல் காஸில் இருக்கட்டும். வெந்நீர் அடுப்பு வெளியே, காற்றோட்டத்தில் இருக்கட்டும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஊதுகுழலை எடுக்காதீர்கள். கர்ப்பிணியை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ‘புகை இருமல்தானே’ என்று இருந்துவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.