இதயத்துக்கு முன்னால் கால்

பலூன், ஸ்டென்ட் என்றதும் இதயம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அறுவையின்றி ரத்தக் குழாய் அடைப்பைத் திறக்கும் இந்தச் சிகிச்சை தொடங்கியது காலில்.

1964 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், 82 வயது மூதாட்டி ஒருவரின் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுத்தாக வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். மாட்டவே மாட்டேன் என்றார் அவர். கதிரியல் மருத்துவர் சார்லஸ் டாட்டர், அவரது தொடைத் தமனியின் குறுகலுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தினார். அதன் மேலாக ஒரு டெஃப்லான் குழாயையும், அதற்கும் மேலாக இன்னும் பருத்த குழாயையும் நுழைத்து வழியை அகலப்படுத்தினார். சில்லிட்டிருந்த பாதம் சூடானது, புண்ணும் ஆறியது. கடைசிவரை அந்த அம்மையார் தன் இரு கால்களிலும்தான் நடந்தார்.

அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பலர் டாட்டரை நம்பவில்லை. ஐரோப்பா நம்பியது. ஆனால் பருத்த குழாயை நுழைக்கத் துளையும் பெரிதாக வேண்டும். மெல்லியதாக உள்ளே போய், அடைப்புள்ள இடத்தில் மட்டும் விரியும் பலூன் இருந்தால்? ரப்பர் உதவாது. அழுத்தினால் சைக்கிள் ட்யூப் போல இளகிய பக்கமாகப் புடைத்துக்கொள்ளும். இறுகிய கொழுப்புப் படிவு அசையாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் விரியாத பிவிசி பலூனை, சூரிக் நகரில் தன் வீட்டுச் சமையலறை மேசையிலேயே உருவாக்கினார் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக். 1974இல் அதைக் காலில் பயன்படுத்தினார். இதயத்துக்கு அது போனது 1977 செப்டம்பர் 16 அன்றுதான்.

அதன்பின் புகழெல்லாம் இதயத்துக்கே போய்விட்டது. கால் தமனியில் அடைப்பு இருந்தால், நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலிக்கும், நின்றால் சரியாகிவிடும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அப்படி விடவே கூடாது. நெடுநாள் சர்க்கரையால் நரம்பு மரத்தவர்களுக்கு அந்த வலிகூடத் தெரியாமல், ஆறாத புண்ணே முதல் அறிகுறியாக வரலாம்.

காலில் இந்தச் சிகிச்சை எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தொடைத் தமனி நடக்கும்போதெல்லாம் வளைந்து முறுகுவதால் அங்கே வைத்த ஸ்டென்ட் உடையக்கூடும். முழங்காலுக்குக் கீழே குழாய்கள் மெலிந்தவை, சுண்ணாம்பு படிந்தவை. திறந்த வழி மீண்டும் குறுகலாம். மருந்து பூசிய பலூன்கள் வந்தது இதனால்தான். வலி மட்டும் உள்ளவர்களுக்குப் புகையை நிறுத்துவதும், முறையான நடைப்பயிற்சியுமே முதல் சிகிச்சை. புண் வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. காலை எடுக்கச் சொன்னால், ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்தீர்களா, அடைப்பைத் திறக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

முதல் பரிசோதனைக்கு ஊசிகூட வேண்டாம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். விடை 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு இருக்கிறது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு, தமனி கெட்டிப்பட்டிருப்பதால் இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டலாம். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பதும் டாப்ளர் ஸ்கேனும் உண்டு.