தடைப் பட்டியலும் தமிழ்க் குடும்பமும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், பூக்கடைக்கும் புடவைக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பணமாற்றுக் கடையொன்றில், யாழ்ப்பாணத்திலுள்ள சித்திக்கு ஐந்நூறு வெள்ளி அனுப்ப வந்தவர், கண்ணாடித் தடுப்பின் கீழே தம் அடையாள அட்டையான ஐசியை நகர்த்திவிட்டு, பெறுபவர் பெயர், உறவு, அனுப்பும் காரணம் என்று படிவத்தின் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்க, உள்ளே அமர்ந்திருக்கும் பெண் இரு பெயர்களையும் கணினியில் தட்டிவிட்டு அரை நிமிஷம் திரையைப் பார்த்துக் காத்திருக்கிறாள். அந்த அரை நிமிஷத்தில் அவ்விரு பெயர்களும் சர்வதேசப் பயங்கரவாதிகளின் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன என்பதை அவர் அறியமாட்டார். அறிந்தால் சிரிப்பார், அல்லது கோபிப்பார். இரண்டுக்கும் முன்னால் அந்தப் பட்டியல்கள் எவை, அவற்றுக்கு நம்மீது என்ன அதிகாரம், தவறாக நம்மைத் தொட்டால் பரிகாரம் என்ன என்று தெரிந்துகொள்வது உசிதம்.

பட்டியல்கள் இரண்டு. முதலாவது, ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 1999 அக்டோபரில் நிறைவேற்றிய 1267 ஆம் தீர்மானத்திலிருந்து கிளைத்தது. தாலிபானில் தொடங்கி, அல்-கைதாவையும் பின்னர் ஐ.எஸ். இயக்கத்தையும் தழுவி வளர்ந்தது. தாலிபான் பெயர்கள் 2011 இல் தனிப் பட்டியலாகப் பிரிக்கப்பட்டன. இரண்டாவது, நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த பதினேழாம் நாள், 2001 செப்டம்பர் 28 இல், அதே சபை இயற்றிய 1373 ஆம் தீர்மானத்தின் விளைவு. அத்தீர்மானம் தானாக எந்தப் பெயரையும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் பயங்கரவாதத்துக்குப் பணம் சேர்வதைக் குற்றமாக்கி, சம்பந்தப்பட்டவர்களின் சொத்தை முடக்கவேண்டும் என்று மட்டும் கட்டளையிட்டது. மலேசியாவில் அந்த அதிகாரம் ‘அம்லா’ என்று சுருக்கிச் சொல்லப்படும் 2001 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66பி பிரிவின் வழியாக உள்துறை அமைச்சரிடம் இருக்கிறது. அவர் அரசாங்கக் கெஜட்டில் ஒரு பெயரைப் பிரசுரித்துவிட்டால், அந்தப் பெயருக்குரிய பணத்தை எந்த வங்கியும் அசைக்கலாகாது.

விடுதலைப் புலிகளை ஐக்கிய நாடுகள் சபை தடை செய்திருக்கிறது என்று நம்மவர் பலர் எண்ணுவதுண்டு. அது உண்மையன்று. இந்தியா 1992 இலும், அமெரிக்கா 1997 இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006 இலும் தத்தம் சட்டங்களால் தடை செய்தன. மலேசியா தன் பட்டியலில் அந்த இயக்கத்தைச் சேர்த்தது 2014 நவம்பரில், அதாவது முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து ஐந்தாண்டுகளுக்கும் மேலான பின்பு. இல்லாத ஓர் இயக்கத்துக்கு எதற்குத் தடை என்று கேட்பவர்களுக்கு அதிகாரிகள் சொல்லும் சமாதானம் பண வலையமைப்பு என்பது. இயக்கத்தின் ஆயுதக் கொள்முதலுக்குப் பொறுப்பாயிருந்த கே.பி. என்னும் செல்வராசா பத்மநாதன் 2009 ஆகஸ்டில் பிடிபட்டது கோலாலம்பூரில்தான் என்பதையும் அவர்கள் நினைவூட்டுவார்கள். இத்தகைய சட்டம் வேண்டவே வேண்டாம் என்று வாதிப்பவனல்லன் நான். 2016 ஜூன் 28 அதிகாலை பூச்சோங்கில், ஒரு மதுக்கூடத்தில் கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மீது கையெறி குண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமுற்றதும், அது ஐ.எஸ். தூண்டிய செயல் என்று நிலைநாட்டப்பட்டதும் நம் கண்முன் நடந்தவை. ஆனால் பெரிய மீனுக்கு விரித்த வலையில் எந்தக் குளத்து அயிரை சிக்குகிறது என்று பார்ப்பதும் குடிமக்களின் கடமையே.

2019 அக்டோபரில் அப்படித்தான் ஆயிற்று. மலாக்காவின் காடெக் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதன், நெகிரி செம்பிலானின் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரன் ஆகிய இருவர் உட்படப் பன்னிரண்டு தமிழர்கள், புலிகளுக்கு ஆதரவளித்தார்கள் என்ற சந்தேகத்தின் பேரில், ‘சொஸ்மா’ என்னும் 2012 ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தின் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினரால் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 27 இல் வந்தது. நீதிமன்றத்தின் முன் அவர்கள் நிறுத்தப்படத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான். சாட்டப்பட்டவற்றுள் ஒன்று, முந்திய ஆண்டு நவம்பரில் மலாக்கா ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில் நடந்த மாவீரர் நினைவுக் கூட்டத்தைப் பற்றியது. மற்றும் சில, கைப்பேசியிலும் முகநூலிலும் வைத்திருந்த படங்களைப் பற்றியவை. எந்தத் தலைவருடைய படங்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. நம்மில் எத்தனை பேருடைய கைப்பேசியில், கேட்டோ கேளாமலோ, புலனக் குழுக்களின் வழியே அவை வந்து தங்கியிருக்கின்றன!

2019 நவம்பர் 29 ஆம் நாள் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் முகமட் கசாலி, சாமிநாதனின் மனுவை விசாரித்து, ஜாமீன் கொடுக்கலாகாது என்று நீதிமன்றத்தின் கையைக் கட்டிப்போடும் சொஸ்மாவின் 13 ஆம் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 2020 பெப்ரவரி 21 இல் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், பன்னிருவர் மீதிருந்த 34 குற்றச்சாட்டுகளையும் கைவிடுவதாக அறிவித்தார். எந்தக் குற்றச்சாட்டிலும் தண்டனை கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்க இடமில்லை என்பதும், ஒருவன் தான் வீரராகக் கருதும் மனிதரின் படத்தைத் தன் கைப்பேசியில் வைத்திருப்பதையே பயங்கரவாதச் செயலாக்கினால் சட்டமே நகைப்புக்கிடமாகும் என்பதும் அவர் எடுத்துரைத்த காரணங்களின் சாரம். ஒரு வாரத்துக்குள் அவர் பதவியிலிருந்து விலகினார்.

இந்த முடிவைக் கேட்டு ஆறுதலடைந்த நம் சமூகம் ஒரு நுட்பத்தைக் கவனிக்கத் தவறிவிட்டது என்பது என் அபிப்பிராயம். வழக்கைக் கைவிட்டது சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை. நீதிமன்றம் சாட்சியங்களை ஆராய்ந்து, படம் வைத்திருப்பது குற்றமன்று என்று தீர்ப்பெழுதவில்லை. அடுத்து அந்நாற்காலியில் அமர்பவர் வேறுவிதமாக எண்ணுவாராயின் அவரைத் தடுக்க 2020 ஆம் ஆண்டின் அறிக்கைக்குச் சக்தி கிடையாது. தண்டனைச் சட்டத்தின் 130ஜே பிரிவு, பயங்கரவாதக் குழுவுக்கு ஆதரவு திரட்டுவதற்கோ ஆதரவளிப்பதற்கோ ஆயுள் சிறை வரையிலும் தண்டனை விதிக்கிறது. 130ஜேபி பிரிவு, அத்தகைய குழுவோடு தொடர்புடைய பொருளை வைத்திருத்தல், காட்சிக்கு வைத்தல், பரப்புதல், விற்றல் ஆகியவற்றுக்கு ஏழாண்டு வரை விதிக்கிறது. இறந்தவர்களுக்காக விளக்கேற்றி அழுவதை இவற்றுள் எதுவும் குற்றம் என்று சொல்லவில்லை. அந்த விளக்குக்குப் பின்னால் இயக்கத்தின் கொடியும் சின்னமும் தொங்குமானால், கூட்டத்தின் முடிவில் இயக்கத்தின் பெயரால் உண்டியல் குலுங்குமானால், நிலைமை வேறு. கிள்ளானில் மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும் சங்கத்துச் செயலாளர், அழைப்பிதழை அச்சிடக் கொடுப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது கோழைத்தனமாகாது.

பண விஷயத்தில் ஆபத்து இன்னும் சூட்சுமமானது. ஏனெனில் அங்கே குற்றம் புரிய வெறுப்பு வேண்டியதில்லை, இரக்கமே போதும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் உலகெங்கும் தமிழர்கள் கண்ணீரோடு அள்ளிக் கொடுத்த நிதியின் ஒரு பகுதி தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் வழியே சென்றது. அநாதைக் குழந்தைகளுக்கு அது கூரை வேய்ந்தது என்பதும் மெய். 2007 நவம்பரில் அமெரிக்க நிதி அமைச்சு அதே கழகத்தைப் புலிகளின் முன்னணி அமைப்பு என்று அறிவித்து அதன் சொத்துகளை முடக்கியதும் மெய். இதனினும் கடுமையாக, ஆயுதத்தை விட்டுச் சமாதான வழியில் வழக்காடுவது எப்படி என்று புலிகள் போன்ற இயக்கத்துக்குக் கற்றுக்கொடுப்பதுகூட ‘பொருளுதவி’ என்று கொள்ளப்படலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 இல் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அது நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது; ஆனால் டாலரில் பணம் அனுப்பும் எந்த வங்கியும் வாஷிங்டனின் பட்டியலையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே கோயில் வாசலிலோ கடை வாசலிலோ நிதி கேட்டு வருபவரிடம் சங்கங்களின் பதிவிலாகா கொடுத்த எண்ணையும், பொது இடத்தில் வசூலிப்பதற்கு 1947 ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் கொடுத்த உரிமத்தையும் காட்டச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. ரசீது வாங்குங்கள். அவசரம் என்று சொல்லி உண்டியல் முறையில், கைக்குக் கை மாறும் பணத்தை மட்டும் ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள். கமிஷன் குறைவு, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்ற கவர்ச்சி உண்மைதான். ஆனால் உரிமமின்றிப் பணமனுப்பும் தொழில் நடத்துபவருக்கு 2011 ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பது லட்சம் வெள்ளி வரை அபராதமோ, பத்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. அந்த ஆள் பிடிபடும் நாளில் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும். உங்கள் பணம் சித்திக்குத்தான் போயிற்று என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது.

இனி, முதலில் சொன்ன பணமாற்றுக் கடைக்கு வருவோம். குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாமல், தன் பெயரையும் தந்தை பெயரையும் ‘ஏ/எல்’ என்ற எழுத்துகளால் கோத்து எழுதும் நம் வழக்கமும், ஒரே பெயர் ஆயிரம் வீடுகளில் வழங்குவதும், ஆங்கில எழுத்தில் அப்பெயர் பலவாறு எழுதப்படுவதும் சேர்ந்து, கணினியைக் குழப்பப் போதுமானவை. திரை சிவந்து, பணம் நிறுத்தப்பட்டால், கடைக்காரப் பெண்ணிடம் சண்டையிடுவதில் பயனில்லை. எந்தப் பட்டியலின் எந்தப் பதிவோடு ஒத்துப்போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பட்டியலின் பதிவுகளில் பெரும்பாலும் பிறந்த தேதியோ கடப்பிதழ் எண்ணோ இருக்கும். உங்கள் ஐசியின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறும் உங்கள் பிறந்த தேதியாகையால், அவர் வேறு நீங்கள் வேறு என்பதை நிலைநாட்ட அதுவே பலமான சாட்சி. நிறுவனம் தீர்க்காவிட்டால் பேங்க் நெகாராவின் பொதுமக்கள் சேவைப் பிரிவுக்கு முறையிடலாம்.

உண்மையாகவே ஒருவர் பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் வழி நீளமானது, ஆனால் அடைபட்டதன்று. மலேசியப் பட்டியலாயின் அமைச்சருக்கு மனுச் செய்யலாம், அவர் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். உணவு, வாடகை, மருந்து, வழக்கறிஞர் கட்டணம் போன்ற அத்தியாவசியச் செலவுக்கு முடக்கப்பட்ட பணத்திலிருந்து எடுக்க அனுமதி கோரலாம். அல்-கைதா, ஐ.எஸ். பட்டியலுக்கென ஐக்கிய நாடுகளில் 2009 டிசம்பரில் ஒரு குறைகேள் அதிகாரி பதவி உருவாக்கப்பட்டது. அந்தப் பதவி பிறந்ததே, விசாரணையின்றிப் பெயர் சேர்க்கப்பட்ட சவூதி வணிகர் யாசின் காதியின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2008 இல் கொடுத்த அடியின் பிறகுதான். புலிகள் விஷயத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய ஆணைகள், ஆதாரத்தைச் சரிவரக் காட்டவில்லை என்ற காரணத்தால் 2014 இல் ரத்தாகி, 2017 இல் மேல்முறையீட்டிலும் அந்த ரத்து நிலைத்தது. ஆனால் புதிய ஆணைகளால் பெயர் பட்டியலிலேயே நீடித்தது. இலங்கை அரசோ 1373 ஆம் தீர்மானத்தைச் சொல்லி 2014 இல் வெளிநாட்டுத் தமிழர் சங்கங்கள் உட்படப் பதினாறு அமைப்புகளையும் 424 நபர்களையும் பட்டியலிட்டு, ஆட்சி மாறிய 2015 இல் பெரும்பாலோரை நீக்கி, மறுபடி ஆட்சி மாறியபின் 2021 இல் பலரைச் சேர்த்து, 2022 இல் அவர்களுள் பலரை மீண்டும் நீக்கியது. பயங்கரவாதம் தேர்தலுக்குத் தேர்தல் இப்படி ஏறி இறங்குமா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அகதிகளுக்கு இவ்வளவு அவகாசமும் கிடைப்பதில்லை. 1951 ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை; 2014 மே மாதம் புலிகளை மீட்டெழுப்ப முயன்றதாகப் பிடிக்கப்பட்ட மூன்று இலங்கையர்களுள் இருவர் ஐக்கிய நாடுகளின் அகதி அட்டை வைத்திருந்தும், சில நாட்களில் மூவரும் கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். அகதி எவரேனும் உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கையில் கைதானால், அகதிகள் உயர் ஆணையத்துக்கும் வழக்கறிஞருக்கும் அன்றிரவே சொல்லிவிடவேண்டும், மறுநாள் காலை என்று தள்ளலாகாது.

கைது நேர்ந்த வீட்டார் செய்ய வேண்டியதும் அதே வேகத்தில்தான். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த நிலையம், அழைத்துச் சென்ற அதிகாரியின் பெயர், மணி என்ன என்று அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துச் செல்லும் கைப்பேசி, கணினி ஆகியவற்றுக்குப் பட்டியல் கேட்டுக் கையொப்பம் வாங்குங்கள். சொஸ்மாவின் 5 ஆம் பிரிவுப்படி நெருங்கிய உறவினருக்கு உடனே அறிவித்தாக வேண்டும். வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட முடியாது. 24 மணி நேரத்துக்குப் பின் தடுத்துவைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவையில்லை, உயர் போலீஸ் அதிகாரி ஒருவரே 28 நாள் வரை நீட்டிக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். காவலில் அடித்தார்கள் என்றால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடம் எழுத்தில் புகார் செய்யலாம். பெண்கள், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள், நோயாளிகள் ஆகியோருக்கு, சாட்டப்பட்டது பயங்கரவாதக் குற்றமாக இல்லாதவரை, ஜாமீன் கேட்க மேலே சொன்ன 13 ஆம் பிரிவின் வாசகத்திலேயே இடம் விடப்பட்டிருக்கிறது. ஆகையால் கைதானவர் நீரிழிவோ இருதய நோயோ உள்ளவராயின், கிளினிக் அட்டையும் மருந்துச் சீட்டும் முதல் நாளே வழக்கறிஞர் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.