ஐசியில் இருக்கும் லெட்சுமி

கிள்ளானில் ஏதாவதொரு அரசாங்க கிளினிக்கில் காலை நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள். தாதி "லெச்சுமி" என்று கூப்பிட்டால் இரண்டு பாட்டிகள் எழுந்து நிற்பார்கள். "அனாக் பெரெம்புவான் முனியாண்டி" என்று மிச்சமும் வந்த பிறகுதான் ஒருவர் உட்காருவார்.

அந்த இரண்டு ஐசியையும் வாங்கிப் பார்த்தால் எழுத்து வேறு வேறாக இருக்கும். ஒன்று 'ஐ'யில் முடியும், மற்றது 'ஒய்'யில். ஆனால் இரண்டிலும் நடுவே 'டி, சி, எச்' உண்டு. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தோட்டத்துக் கிராணி தப்பாக எழுதிவிட்டார் என்று நாமும் சமாதானம் சொல்வோம்.

கிராணிமேல் தப்பில்லை, அவர் காது நல்ல காது. வடமொழிச் சொல் அதிர்ந்தொலிக்கும் எழுத்தில் தொடங்கினால், பேச்சுத்தமிழ் அதிலுள்ள 'அ'வை 'எ' ஆக்கிவிடும். கங்கை கெங்கையாகும், பலம் பெலமாகும், ரத்தினம் ரெத்தினமாகும். லட்சுமி லெட்சுமியானதும் அப்படித்தான். 'க்ஷ' என்ற ஒலி பட்சியிலும் லட்சத்திலும் 'ட்ச' ஆனதுபோல இங்கேயும் ஆனது. அதற்குத்தான் அந்த 'டி, சி, எச்'. சொல்லின் முதலில் 'ல' வராது என்ற இலக்கணத்துக்குப் பணிந்து புலவர்கள் இலக்குமி என்று எழுதினார்கள். தோட்டத்துப் பெயர்ப்பட்டியலான செக்ரோலில் ஏறியதோ வாயில் புழங்கிய பெயர். 1948இல், அவசரகாலத்தில், ஐசி என்ற அடையாள அட்டை வந்தது. ஒரு தடவை அதில் பதிந்த எழுத்தை மாற்றுவது லேசான காரியமா?

பெயரின் மறுபாதிக்கு வடதுருவத்துப் பக்கம் ஓர் உறவு இருக்கிறது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1980இல் அந்நாட்டு மக்கள் அதிபராகத் தேர்ந்தெடுத்த பெண்மணி விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர். 'டோட்டிர்' என்றால் மகள். ஃபின்போகியின் மகள் விக்டிஸ். நம் 'அனாக் பெரெம்புவான்' செய்யும் வேலையும் அதுதான். கல்யாணமானாலும் அங்கே அப்பா பெயர் மாறாது, இங்கேயும் மாறாது. 'விக்டிஸ்' என்ற பெயரில் 'விக்' என்பது போர், 'டிஸ்' என்பது பெண்தெய்வம். அவர்களும் மகளுக்குச் சாமி பெயர்தான் வைத்திருக்கிறார்கள், என்ன, கொஞ்சம் சண்டைக்கார சாமி!

வெள்ளிக்கிழமை பெண் பிறந்தால் லெட்சுமி வந்துவிட்டாள் என்று இன்றும் சொல்கிறோம். பெயர் மட்டும் அப்படி வைப்பதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் சோதிடரிடம் எண் பார்த்து, இல்லாத எழுத்தையெல்லாம் கூட்டிப் புதுப்பெயர் வாங்கி வருகிறோம். பாட்டியின் ஐசி வீட்டில் இருந்தால் எடுத்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அவருடைய அம்மா கூப்பிட்டது அப்படித்தான் கேட்டிருக்கும்.