ஆந்தூரியம் வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

சீனப் புத்தாண்டு நெருங்கும் நாள்களில் சிங்கப்பூரின் பூக்கடைகளில் சிவப்பு ஆந்தூரியம் தொட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் அதன் ‘பூ’ பல வாரங்கள் வாடாது. இடம் குறைவாக உள்ள வீவக வீட்டுக்கும் பொருத்தமாக இருப்பதால் பரிசாகக் கொடுக்கவும் பலர் அதை விரும்புகிறார்கள்.

ஆனால், வாங்கிய சில மாதங்களில் இலை மஞ்சளாகும், தண்டு தொய்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள். செடி மேலும் வாடும். வீட்டில் வளர்க்கும் ஆந்தூரியம் மடிவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இப்படி அளவு மீறி ஊற்றப்படும் தண்ணீர்தான். ஏன் அப்படி ஆகிறது என்பது அதன் பிறப்பிடத்தை அறிந்தால் புரியும்.

மரத்தில் தொற்றி வாழும் இனம்

கடைகளில் நாம் அதிகம் காணும் வகை, தென்னமெரிக்காவின் கொலம்பியா, எக்வடோர் நாடுகளின் மழைக்காடுகளைச் சேர்ந்தது. 1876ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் எடுவார்ட் ஆண்ட்ரே அதைக் கொலம்பியாவில் கண்டெடுத்தார். ஆந்தூரியம் பேரினத்தின் பல வகைகள் ஆர்க்கிட் செடிகளைப்போல் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. அங்கு மழை அடிக்கடி பெய்யும். ஆனால், தண்ணீர் தேங்காமல் உடனே வழிந்துவிடும். வேர்களுக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைக்கும்.

அத்தகைய வேரை இறுகிய தோட்ட மண்ணில் புதைத்தால் மண்ணிலுள்ள காற்றிடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. வேரும் சுவாசிக்க வேண்டும். ஆக்சிஜன் கிடைக்காத வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது என்பதால், ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் வாடுகிறது. மேலே பார்ப்பவருக்கு அது வறட்சிபோலவே தெரியும்.

விரலை வைத்துச் சோதியுங்கள்

‘வாரத்துக்கு இத்தனை முறை’ என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். காற்றோட்டமான தாழ்வாரத்தில் இருக்கும் தொட்டி விரைவில் காயும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதே தொட்டி நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். விரலை இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் காத்திருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றி, முழுவதும் வடியவிடுங்கள்.

வாடிய செடியின் மண் ஈரமாக இருந்தால் அதைத் தொட்டியிலிருந்து மெதுவாக வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, தொட்டால் கூழாகப் பிதுங்கும், துர்நாற்றமும் வீசும். அழுகிய பகுதிகளைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டுப் புதிய கலவையில் நடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு, மரப்பட்டை, மரக்கரி ஆகியவற்றுடன் சிறிதளவு மண் கலந்தால் போதும். வேர்த்தொகுதியைவிடச் சற்றே பெரிய தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். தொட்டி மிகப் பெரிதாக இருந்தால் கலவை காய நெடுநாள் ஆகும்; வேர் மீண்டும் அழுகக்கூடும்.

இலை காட்டும் அறிகுறிகள்

அடியிலுள்ள ஒரு பழைய இலை மட்டும் மஞ்சளானால் கவலை வேண்டாம். அது முதுமையால் உதிரும் இலை. ஒரே சமயத்தில் பல இலைகள் மஞ்சளானால் வேரைச் சோதியுங்கள்.

வெயில் படும் பக்கத்தில் வெளிறிய அல்லது பழுப்புத் திட்டு இருந்தால் அது வெயில் சுட்ட காயம். நேரடி நண்பகல் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள்.

இலை நுனி கருகினால் காற்று மிக வறண்டிருக்கலாம். குளிர்சாதனக் காற்று நேரே படுகிறதா என்று பாருங்கள். உரத்தின் உப்பு படிந்தாலும் நுனி கருகும். அப்போது தாராளமாகத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டால் உப்பு கரைந்து வெளியேறும்.

இலை செழித்தும் பூக்கவில்லை என்றால், பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். தழைச்சத்து மிகுந்த உரமும் இலையை வளர்த்துப் பூவைக் குறைக்கும்.

நாம் ‘பூ’ என்று சொல்லும் சிவப்புப் பகுதி உண்மையில் பூவே அன்று. தென்னம்பாளையைப்போல் அது உருமாறிய ஓர் இலை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கதிரில் நெருக்கமாக இருக்கும் நுண்ணிய புள்ளிகளே உண்மையான பூக்கள். சிவப்பு மங்கிப் பச்சையாக மாறுவது பெரும்பாலும் வயதால் வருவது. முழுவதும் மங்கியபின் காம்பை அடியோடு வெட்டிவிடலாம்.

இலை மடிப்பில் பஞ்சுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஈரத் துணியால் துடைத்தெடுத்து, மிதமான சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். சில நாள் இடைவெளியில் இதைத் திரும்பச் செய்வது அவசியம்.

தீர்வில்லாத ஒரு நோய்

இலை விளிம்பில் நீர் ஊறியதுபோன்ற புள்ளிகள் தோன்றி, மஞ்சள் வளையத்துடன் பழுப்பாகப் பரவினால் எச்சரிக்கையாக இருங்கள். சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியா இந்தக் கருகல் நோயை உண்டாக்குகிறது. அதிகாலையில் இலை விளிம்பில் நீர்த்துளிகள் கசியும் நுண்துளைகள், வெட்டுக்காயங்கள் வழியாக அது உள்ளே நுழைகிறது. செடி முழுவதும் பரவிவிட்டால் குணப்படுத்த முடியாது. செடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

1889ல் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட ஆந்தூரியம், பின்னர் அங்கு பெரிய மலர்த் தொழிலாக வளர்ந்தது. 1980களில் இந்த நோய் பரவியதால் பல சிறு பண்ணைகள் மூடப்பட்டன. திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய நோயற்ற கன்றுகளும் கடுமையான தூய்மை நடைமுறைகளும்தான் தொழிலை மீட்டன. வீட்டிலும் அதே பாடம் பொருந்தும். ஒரு செடியை வெட்டிய கத்தரியை மதுசாரத்தால் துடைத்த பிறகே அடுத்த செடியில் பயன்படுத்துங்கள். மாலையில் இலைமீது தண்ணீர் தெளிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

கொசுவும் பூனையும்

தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தேங்கும் தண்ணீர் வேரை அழுகச் செய்வதோடு ஏடிஸ் கொசுக்களுக்கும் இடம் கொடுக்கிறது. முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். தட்டுத் தண்ணீரைக் கொட்டுவதும் இறுகிய மண்ணைக் கிளறுவதும் டெங்கியைத் தடுக்கத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறும் வழிகள். அவை இரண்டும் ஆந்தூரியத்துக்கும் நன்மை தருபவை.

இன்னொரு கவனமும் தேவை. கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பது நமக்குத் தெரியும். ஆந்தூரியமும் அதே குடும்பம். அதன் இலையிலும் தண்டிலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் தொண்டையும் எரியும், வீங்கவும் கூடும். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. பூனையோ குழந்தையோ உள்ள வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஒரு சிறு சோதனை

வீட்டில் ஆந்தூரியம் இருந்தால் இந்த வாரமே தொடங்கலாம். தண்ணீர் ஊற்றி வடிந்தபின் தொட்டியைச் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். அடுத்த முறை தண்ணீர் ஊற்றும்வரை தினமும் ஒரே நேரத்தில் எடையைக் குறித்து, கூடவே விரல் சோதனையையும் செய்யுங்கள். எத்தனை கிராம் குறைந்தபோது கலவை காய்ந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். மழை நாளிலும் வெயில் நாளிலும் அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்று வரைபடமாகப் போட்டால், அறிவியல் வகுப்பில் காட்டவும் ஒரு நல்ல பதிவு கிடைக்கும்.